கோடரி வளர்த்த காடு

லண்டனின் வடகிழக்கு விளிம்பில், சென்ட்ரல் பாதை ரயிலில் லௌட்டன் நிலையத்தில் இறங்கி மேற்கே இருபது நிமிடம் நடந்தால் எப்பிங் காடு தொடங்கிவிடும். உள்ளே சற்றுத் தூரம் போனதும் மரங்களின் வடிவம் வித்தியாசமாகத் தெரியும். தரையிலிருந்து ஏழெட்டு அடி வரை தடித்து முறுக்கேறிய ஒரே அடிமரம். அதன் மேலே முண்டும் முடிச்சுமாகப் புடைத்த ஒரு தலை. அந்தத் தலையிலிருந்து எட்டோ பத்தோ கிளைகள், ஒவ்வொன்றும் தனி மரத்தின் பருமனில், செங்குத்தாக மேலே போகின்றன. நம் ஊரில் ஆட்டுக்குத் தழை ஒடித்து ஒடித்துத் தலை பெருத்துப்போன பூவரசு எப்படி இருக்குமோ அப்படி. ஆனால் இவற்றின் வயது நூற்றாண்டுக் கணக்கு.

இங்கிலாந்தில் இந்த மரத்தைப் ‘பொல்லார்ட்’ என்கிறார்கள். எப்பிங்கில் இப்படிப்பட்ட முதுமரங்கள் 50,000-க்கு மேல் நிற்கின்றன. பீச், ஓக், ஹார்ன்பீம் மூன்றும்தான் அதிகம். எந்த மனிதக் கையும் படாத ஆதிவனம் என்று நினைத்துக்கொண்டுதான் பலரும் இங்கே வருகிறார்கள். உண்மையில் கண்ணுக்குப் படும் பெருமரங்கள் எல்லாமே ஏதோ ஒரு குடியானவனின் கோடரி பட்டவை. கல்லில் செதுக்கிய கோயிலைப் பார்க்கும் அதே கவனத்தோடு இவற்றைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

ஏன் ஏழெட்டு அடி உயரத்தில் வெட்டினார்கள்? கீழே வெட்டினால் புதுத் துளிரை மாடும் மானும் தின்றுவிடும். அவற்றின் வாய்க்கு எட்டாத உயரத்தில் வெட்டினால் விறகும் கிடைக்கும், கீழே மேய்ச்சலும் நடக்கும், மரமும் சாகாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலை கழிக்கப்பட்ட மரம், தானாக வளரும் மரத்தைவிட நீண்ட காலம் வாழ்கிறது. சுமை குறைவதால் காற்றுக்கு ஒடிவதில்லை. ஹார்ன்பீம் விறகு நின்று எரியும், நல்ல சூடு தரும். லண்டனின் அடுப்புகளுக்கு வேண்டிய விறகில் ஒரு பங்கு இந்தக் காட்டிலிருந்து போனது.

மரம் குடியானவனுக்கு, மான் அரசனுக்கு. இதுதான் அன்றைய பங்கீடு. பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே இது அரச வேட்டைக்காடு. தன் சொந்த வயலைச் சுற்றிக்கூட மான் தாண்ட முடியாத அளவுக்கு உயரமாக ஒருவன் வேலி போட முடியாது. மான் குட்டி போடும் மாதத்தில் மாடுகளைக் காட்டுக்குள் விடக் கூடாது. பயிரை மான் மேய்ந்தால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இதற்கு ஈடாகத்தான் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு மேய்ச்சல் உரிமையும் விறகு உரிமையும் இருந்தன.

அரசன் விட்டுச்சென்ற அடையாளம் சிங்ஃபோர்டு சமவெளியின் ஓரத்தில் நிற்கிறது. எட்டாம் ஹென்றிக்காக 1543-இல் கட்டி முடித்த மூன்று தள மரக் கட்டடம் அது. இப்போது ராணி எலிசபெத்தின் வேட்டை மாளிகை என்று அழைக்கப்படுகிறது. அவர் 1589-இல் அதைப் பழுதுபார்த்தார். பெயரில்தான் மாளிகை, முதலில் அது ஒரு பரண். மேல் தளங்களுக்குச் சுவரே கிடையாது. ஓக் சட்டங்களுக்கு நடுவே நாலாபுறமும் திறப்பு. கீழே மான்களை விரட்டிக்கொண்டு வருவார்கள். விருந்தினர்கள் மேலே நின்றபடி குறுக்குவில்லால் எய்வார்கள். எய்யத் தெரியாதவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஹென்றி அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார். பெருத்த உடம்பு, காலில் ஆறாத புண். குதிரையேறி மானைத் துரத்தும் காலம் முடிந்துபோன அரசனுக்கு இது பொருத்தமான ஏற்பாடுதான்.

திறப்புகளைப் பிற்காலத்தில் பூசி மூடிவிட்டார்கள். வெள்ளையடித்த வெளிப்புறம் பார்வைக்குச் சாதாரணம். உள்ளே போய் மேல் தளத்தில் அண்ணாந்து பார்த்தால்தான் தச்சர்களின் கைவேலை தெரிகிறது. கூரையைத் தாங்கும் பெரிய ஓக் கட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் அழகுக்கே ஏறிப்போகலாம். படிக்கட்டு தாராளமான அகலம், படிகள் தாழ்வானவை. ஸ்பானியக் கப்பற்படையை முறியடித்த மகிழ்ச்சியில் எலிசபெத் இந்தப் படிகளில் குதிரையிலேயே ஏறினார் என்று ஒரு கதை. படியைப் பார்த்து யாரோ கட்டிய கதையாகத்தான் இருக்கும். சிறுவனாக இங்கே வந்த வில்லியம் மாரிஸ், ஓர் அறையில் தொங்கிய வெளிறிய பச்சைத் திரைச்சீலையைக் கடைசிவரை மறக்கவில்லை. உலகமெங்கும் சுவரிலும் துணியிலும் இலைகொடி வடிவங்களைப் பரப்பிய அந்தக் கலைஞர் வளர்ந்தது இந்தக் காட்டை ஒட்டித்தான்.

கட்டடத்தைவிட லௌட்டனின் விறகுவெட்டிகள் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்த ஊர்க்காரர்களுக்கு நவம்பர் 11 நள்ளிரவு முதல் ஏப்ரல் 23 வரை காட்டில் கிளை வெட்டிக்கொள்ளும் உரிமை இருந்தது. முதல் நாள் நள்ளிரவில் யாராவது ஒருவர் கிளை வெட்டித் தொடங்கிவைக்க வேண்டும். தவறினால் ஊருக்கே உரிமை போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஒரு வருடம் அந்த இரவில் ஊரின் நிலவுடைமையாளர் எல்லோருக்கும் விருந்து வைத்துக் குடிக்கக் கொடுத்து மயக்கப் பார்த்தாராம். தாமஸ் வில்லிங்கேல் என்ற தொழிலாளி நேரம் பார்த்து நழுவிப்போய், ஒரு கிளையை வெட்டிக்கொண்டு வந்து விருந்து மேசையின் முன் காட்டினாராம். ஊர் சொல்லும் கதை இது, ஆவணம் அல்ல. அடுத்து வருவதற்கு ஆவணம் உண்டு.

1850-களில் நிலைமை மாறியிருந்தது. நிலக்கரி வந்ததில் விறகின் மதிப்பு இறங்கியது. 1856-இல் லௌட்டனுக்கு ரயில் வந்ததில் மனை விலை ஏறியது. அரசு தன் வேட்டை உரிமைகளை நிலவுடைமையாளர்களுக்கே விற்கத் தொடங்கியது. பக்கத்து ஹைனால்ட் காட்டுக்கு என்ன ஆனது என்பது எல்லோருக்கும் தெரியும்: 1851-இல் சட்டம் போட்டு அதன் காட்டு அந்தஸ்தை நீக்கினார்கள், மளமளவென்று மரங்களை வேரோடு பிடுங்கி வயலாக்கினார்கள். லௌட்டனில் ஜான் விட்டேக்கர் மெய்ட்லண்ட் நிலவுடைமையாளராகவும் இருந்தார், ஊர்ப் பாதிரியாராகவும் இருந்தார். 1860-களின் நடுவில் அவர் ஆயிரம் ஏக்கருக்கு மேல் வேலி போட்டு வளைத்தார். வில்லிங்கேல் குடும்பத்தார் வழக்கம்போல் வேலிக்குள் போய்க் கிளை வெட்டினார்கள். 1866-இல் சிறைக்கும் போனார்கள். மரங்களைச் சேதப்படுத்தியதாகக் குற்றச்சாட்டு.

அதற்கு முந்தைய ஆண்டுதான் பொதுநிலப் பாதுகாப்புச் சங்கம் லண்டனில் தொடங்கப்பட்டிருந்தது. அவர்கள் முதியவர் வில்லிங்கேலின் பெயரில் வழக்குத் தொடுத்தார்கள். 1870-இல் அவர் இறந்ததும் வழக்கும் நின்றுபோனது. காடு இத்தோடு முடிந்தது என்று நினைக்கும் இடத்தில் வேடிக்கையான ஒரு திருப்பம். லண்டன் மாநகராட்சி காட்டின் தென்கோடியில், ஆல்டர்ஸ்புரூக்கில், இடுகாட்டுக்காக ஒரு பண்ணையை வாங்கிவைத்திருந்தது. அந்தப் பண்ணையோடு பழைய உரிமை ஒன்றும் சேர்ந்து வந்தது: காடு முழுவதும் மாடு மேய்க்கலாம். லௌட்டன்காரர்களின் விறகு உரிமை அந்த ஒரு ஊருக்குள் அடங்கியது. மேய்ச்சல் உரிமைக்கு ஊர் எல்லை இல்லை. மாடு போகும் வழியில் எங்கே வேலி குறுக்கிட்டாலும் கேட்கலாம். மாநகராட்சி 1871-இல் நிலவுடைமையாளர்கள்மேல் வழக்குப் போட்டது. 1874-இல் நீதிபதி ஜார்ஜ் ஜெஸ்ஸல், 1851-க்குப் பின் போட்ட வேலிகள் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார். பிணம் புதைக்க வாங்கிய இடம் ஒரு காட்டைப் பிழைக்கவைத்தது.

1878-இல் எப்பிங் காட்டுச் சட்டம் வந்தது. காடு வேலியின்றி, கட்டடமின்றி, மக்கள் பொழுதுபோக்குக்காக என்றைக்கும் திறந்திருக்க வேண்டும். அதன் இயற்கைத் தோற்றம் காக்கப்பட வேண்டும். நிர்வாகம் லண்டன் மாநகராட்சிக்கு. 1882 மே 6 அன்று விக்டோரியா மகாராணி ரயிலில் சிங்ஃபோர்டு வந்து, அங்கிருந்து வண்டியில் ஹை பீச் மேட்டுக்குப் போய், காட்டை மக்களுக்கு அர்ப்பணித்தார். இன்று சுமார் 6,000 ஏக்கர், வடக்குத் தெற்காக 12 மைல்.

இதே சட்டம் இன்னொன்றும் செய்தது. கிளை வெட்டும் உரிமையை ரத்துசெய்தது. ஈட்டுத்தொகையாகக் கிடைத்த 7,000 பவுண்டில் லௌட்டன் மக்களுக்காக ஒரு மன்றம் கட்டினார்கள். 1884-இல் திறந்த ‘லாப்பிங் ஹால்’ இன்றும் ஊரின் நடுவே நிற்கிறது. அந்த மனிதர்களை நினைத்துக் கட்டியது நல்ல காரியம்தான். ஆனால் கோடரி ஓய்ந்ததும் மரங்கள் பாதிக்கப்பட்டன. பத்து, பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை இறங்க வேண்டிய சுமை நூறு ஆண்டாக இறங்கவில்லை. ஹை பீச் பக்கம் ஒரு பீச் மரத்தின் அருகே போய் நின்று பாருங்கள். கழுத்தளவில் பிளந்த தலையில் மழைநீர் தேங்கிப் பாசி பிடித்திருக்கும். ஒரு பக்கக் கிளை முழுசாகக் கிழிந்து விழுந்து, உள்ளே அடிமரம் பொந்தாகிக் கிடக்கும். மேலே கிளைகள் கூரைபோல் மூடிவிட்டதால் கீழே புல் இல்லை, பூ இல்லை. சருகு மட்டும் கணுக்கால் ஆழத்துக்கு. காப்பாற்றியவர்கள் இயற்கையை நம்பினார்கள். அவர்கள் கையில் கிடைத்ததோ மனிதன் உண்டாக்கிய காடு. கண்மூடித்தனமாக மரம் சாய்க்கிறார்கள் என்று 1895-இல் மாரிஸ் பத்திரிகையில் எழுதிச் சண்டை போட்டார். வெட்டுவதா விடுவதா என்ற தகராறு அன்றே இருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் மறுபடி கோடரிக்கு வேலை கொடுத்தார்கள். முதுமரத்தை ஒரே மூச்சில் மொட்டையடித்தால் செத்துப்போகும்; அதனால் பல ஆண்டுகள் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். மேய்ச்சலும் திரும்பியிருக்கிறது. நீண்டு வளைந்த கொம்புள்ள லாங்ஹார்ன் மாடுகள் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டையோடு மேய்கின்றன. எல்லையை நெருங்கினால் பட்டை ஒலி எழுப்பும். மீறினால் லேசாக மின்சாரம் சுண்டும். வேலி கூடாது என்ற சட்டத்துக்கு இந்தக் காலத்து விடை.

சுற்றுப்புறமும் சுவையானதுதான். காட்டுக்குள் லௌட்டன், ஆம்ப்ரெஸ்பரி என்று இரண்டு மண்கோட்டைகள் இருக்கின்றன. இரண்டும் ஏறக்குறைய 2,500 ஆண்டுப் பழமை. ரோமானியரை எதிர்த்த பூடிக்கா அரசி கடைசியாகப் போரிட்டது ஆம்ப்ரெஸ்பரியில் என்று நம்பினார்கள். 1881-இல் தொல்லியலாளர் பிட் ரிவர்ஸ் அங்கே அகழ்ந்து பார்த்தார். கோட்டை அவளுக்கு மிக முந்தியது. ஹை பீச்சில் இருந்த மனநோய் இல்லத்திலிருந்து 1841-இல் கவிஞர் ஜான் கிளேர் நழுவி, நான்கு நாளில் ஏறக்குறைய 80 மைல் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தார். எப்பிங் ஊருக்கு அருகே காப்ட் ஹால்: 1917-இல் தீயில் எரிந்து வெறும் ஓடாக நின்ற பெருமாளிகை, 1995 முதல் ஓர் அறக்கட்டளையின் கையில் மெல்ல மெல்ல உயிர் பெற்றுவருகிறது. கிழக்கே கிரீன்ஸ்டட் சிற்றாலயத்தின் சுவர், பிளந்த ஓக் மரங்களை வரிசையாக நட்டு எழுப்பியது. பதினோராம் நூற்றாண்டின் அந்த மரங்கள் இன்றும் நிற்கின்றன. பார்க்க ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதற்குப் போங்கள்.

வடக்கே பெல் காமன் பகுதியில் புல்வெளியில் கிரிக்கெட் ஆடுவார்கள். அதற்கு அடியில் எம்25 நெடுஞ்சாலை ஓடுகிறது. 1980-களில் சாலை வந்தபோது காட்டைக் கிழித்துப் போக விடாமல், பள்ளம் தோண்டிச் சுரங்கமாக்கி மேலே மண் மூடினார்கள்.

ஈஸ்ட் ஹாமிலும் மேனர் பார்க்கிலும் நம்மவர்கள் ஏராளம். மேனர் பார்க் முருகன் கோயிலுக்குப் போய்வருகிற பலருக்கு, பக்கத்தில் பிள்ளைகள் பந்து விளையாடும் வான்ஸ்டட் ஃபிளாட்ஸ் திடல் சட்டப்படி எப்பிங் காட்டின் தென்கோடி என்பது தெரிந்திருக்காது. உறவினர் வீட்டுக்கு லண்டன் போகிறவர்கள் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். நடப்பதற்குக் கட்டணம் இல்லை. இலை உதிர்ந்த நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் போனால்தான் பொல்லார்டுகளின் உருவம் தெளிவாகத் தெரியும். களிமண் நிலம், மழை பெய்தால் சேறு. நல்ல பூட்ஸ் அவசியம். வேட்டை மாளிகைக்கு அரை மணி நேரம் போதும், மீதி நேரத்தை மரங்களுக்குக் கொடுங்கள். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். அதற்குள் ரயிலடிக்குத் திரும்பிவிடுங்கள்.