முள் அசையாத மீட்டர்

வேடந்தாங்கல் ஏரிக்கரையை ஒட்டிய சாலையில் எங்கள் பக்கத்தார் ஹார்ன் அடிப்பதில்லை. பறவைகள் கூடு கட்டியிருக்கும் காலத்தில் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் அது. அந்த அமைதியில்தான், சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், என் தமையனார் தம் லாரியின் கியர்பாக்ஸ் முனகுவதை முதன்முதலாகக் கேட்டார். வண்டியை ஓரங்கட்டி, அடியில் குனிந்து கை வைத்துப் பார்த்தார். “சூடாகத்தான் இருக்கிறது, எப்போதும் இருப்பதுதானே” என்று சொல்லிக்கொண்டு ஓட்டி வந்துவிட்டார்.

மூன்றாம் நாள், மாமல்லபுரத்துக்கு ஜல்லி ஏற்றிச் செல்கையில், திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியதும் பேரிங் இறுகி வண்டி நின்றது. பட்டறையில் பிரித்தபோது பற்சக்கரங்கள் நீலம் பாரித்திருந்தன. ஆயில் சீல் தேய்ந்து, எண்ணெய் சொட்டுச் சொட்டாகப் போயிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. பழுதுபார்க்கும் செலவுக்கு அண்ணியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. அண்ணி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எங்களை மிகவும் வருத்திற்று.

கையால் தொட்டுப் பார்ப்பதில் ஒரு குறை உண்டு. 60 பாகைக்கு மேல் எந்த இரும்பின்மீதும் கை நிலைக்காது. 80 பாகையானாலும் 130 பாகையானாலும் கைக்கு அது ‘சூடு’ மட்டுமே. எண்ணெய்க்கோ அவ்விரண்டுக்கும் இடையே பெருத்த வேறுபாடு. ஓரளவுக்குமேல் சூடு ஒவ்வொரு 10 பாகை ஏறும்தோறும் எண்ணெயின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பார்கள். எனவே, கியர்பாக்சுக்கென்று தனியாக ஒரு ஹீட் மீட்டர் பொருத்துவது என்று முடிவு செய்தோம். மின்வேலை ஓரளவு அறிந்தவன் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் நான் வாங்கி வந்தது கார்களுக்கான 12 வோல்ட் மீட்டர். லாரியில் இருப்பதோ 24 வோல்ட். நல்லவேளையாக, இணைப்பதற்கு முன்பே மேஸ்திரி கண்டுகொண்டு திருப்பி அனுப்பினார். இரண்டாவது மீட்டரை வீட்டிலேயே சோதித்தோம். அம்மா அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுக்க, சென்சாரின் உடலில் ஓர் எர்த் கம்பியைச் சுற்றி, மரைப்பகுதியைப் பாத்திரத்துக்குள் தொங்கவிட்டேன். முள் நகர்ந்து 100-ஐத் தொட்டது. “இதற்கு உப்புப் போட வேண்டாமா?” என்று கேட்டு அண்ணி சிரித்தார். வளையல் போனபின் அவர் சிரித்தது அன்றுதான்.

எங்கே பொருத்துவது என்பதில் எனக்கும் மேஸ்திரிக்கும் கருத்து வேறுபாடு. அடியிலுள்ள டிரெயின் பிளக்கில் பொருத்திவிடலாம் என்றேன். “குவாரிப் பாதையில் ஒரு கல் தெறித்தால் போதும் தம்பி, சென்சாரும் போகும், எண்ணெயும் போகும்” என்று அவர் மறுத்துவிட்டார். பக்கவாட்டு மூடியே தக்க இடம்; அதிலும் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே. எண்ணெயில் முழுகாத சென்சார் உண்மைச் சூட்டைச் சொல்லாது. மூடியைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்த் துளையிட்டு மரை போட்டு வந்தோம். மாட்டிய நிலையிலேயே துளையிட்டால் இரும்புத்தூள் பற்சக்கரங்களுக்குள் விழுந்துவிடும் அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வேலையை முடித்தோம். எண்ணெய் கசியக் கூடாதே என்று சென்சாரின் மரையில் வெள்ளை டேப்பை மூன்று சுற்றுச் சுற்றி நன்றாக முறுக்கினேன். மதுராந்தகம்வரை ஓட்டிப் பார்த்தும் முள் அசையவில்லை. வெந்நீரில் ஒழுங்காக வேலை செய்த பொருள் வண்டியில் ஊமையாயிற்று!

மேஸ்திரி பதறவில்லை. சென்சாரிலிருந்து ஒயரைக் கழற்றி, சேசிஸில் தொட்டார். முள் உச்சிக்குப் பாய்ந்தது. மீட்டரும் ஒயரும் நன்றாயிருக்கின்றன என்று அதற்குப் பொருள். ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் கிடைப்பது அதன் மரை வழியாகத்தான். சூடு ஏற ஏற அதனுள் மின்தடை குறையும், முள்ளும் ஏறும். நான் சுற்றிய டேப் அந்த எர்த்தையே மறைத்துவிட்டது. கசிவுக்கு அஞ்சிய என் அதிகப்படி எச்சரிக்கையே குற்றவாளி! டேப்பை உரித்துவிட்டு, மரையின் மேற்பகுதியில் மட்டும் சிறிது கசிவுத் தடுப்புப் பசையைத் தடவி மீண்டும் முறுக்கினோம். வீட்டுக்குத் திரும்பும்போது முள் 70-இல் நின்றது.

முழுப் பாரத்தோடு ஓடும்போது 85, 90 என்று அண்ணன் ஒரு நோட்டில் குறித்துவரலானார். முதலில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இரு மாதங்கள் சென்றபின் ஒரு நாள் காலை, அதே திருக்கழுக்குன்றச் சாலையிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, அதே பாரம், அதே ரோடு. முள் 110-ஐத் தாண்டுகிறது.”

“சத்தம் கேட்கிறதா அண்ணா?”

“இல்லை. ஒரு சத்தமும் இல்லை.”

வண்டியை அங்கேயே நிறுத்தச் சொன்னேன். மேஸ்திரியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனபோது, புளியமரத்தடியில் லாரி நின்றிருந்தது. புதிய சீல் ஓரமாகப் பிதுங்கி, கீழே மணலில் கரிய வட்டம் ஒன்று விழுந்திருந்தது. அளவு பார்க்கும் பிளக்கைக் கழற்றி மேஸ்திரி விரலை விட்டார். எண்ணெய் விரல்நுனிக்குச் சற்றுக் கீழேதான் எட்டியது. சீலை மாற்றி, எண்ணெய் நிரப்பி, மாலைக்குள் ஜல்லியை இறக்கிவிட்டு அண்ணன் வீடு திரும்பினார். பேரிங்குக்கு ஒரு கீறலும் இல்லை.

அண்ணியின் வளையல்கள் இன்னும் அடகுக் கடையிலிருந்து மீளவில்லை. இன்னும் மூன்று தவணைகள் இருக்கின்றன.