இந்த விடுமுறைக்குக் கடாரம் போகலாமா?

நீண்ட விடுமுறை வந்தாலே கிள்ளானில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை நாடாளுமன்றமாகிவிடும். மகனுக்கு ஜொகூர் லெகோலேண்டு. மகளுக்குக் கேமரன் மலை. எப்போதும் வாய் திறக்காத அம்மா இம்முறை மெல்லக் கேட்டார்: "கெடா பக்கம் ஒருதடவை கூட்டிட்டுப் போறியாப்பா?"

சுங்கைப் பட்டாணி அருகே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். கல்யாணமாகி வந்தபின் அந்தப் பக்கம் போனதே இல்லை. இப்போது வயது 78.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பினோம். ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே வாங்கிக்கொண்டோம். தைப்பிங் ஏரிப் பூங்காவில் தூங்குமூஞ்சி மரநிழலில் கட்டுச்சோறு.

அம்மா பிறந்த தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. லயங்கள் இல்லை. கோயில் வேப்பமரம் மட்டும் நின்றது. அதைத் தொட்டபடி வெகுநேரம் நின்றார்.

மறுநாள் ஜெராய் மலையடிவாரத்தில், மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம். அருகிலேயே, 1960இல் மீட்டமைக்கப்பட்ட புக்கிட் பத்து பஹாட் சண்டியின் கற்தளம். "1025இல் ராஜேந்திர சோழன் படையெடுத்து வந்த கடாரம் இதுதான் என்பார்கள்" என்றேன். மகன் உடனே கேட்டான்: "அப்படின்னா பாட்டி கடாரத்துக்காரங்களா?" அம்மா சிரித்த சிரிப்பை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

உங்கள் வீட்டு மேசையிலும் பேசாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அடுத்த பயணத்துக்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். லெகோலேண்டு அடுத்த ஆண்டும் இருக்கும்.