விதை அறியும் வெளிச்சம்

தாவரங்களுக்குக் கண் இல்லை. ஆனாலும் அவை வெளிச்சத்தை அறிகின்றன. யன்னலோரம் வைத்த செடி வெளிப்பக்கம் சாய்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் மண்ணில் கிடக்கும் சிறு விதைகூடத் தன் மேலே இருப்பது வெயிலா, இலை நிழலா என்று பிரித்தறியும் என்பது உயர்தரத்தில் உயிரியல் படிக்கத் தொடங்கிய பின்பே எனக்குத் தெரிந்தது.

இந்த வேலையைச் செய்வது பைற்றோகுரோம் என்னும் ஒளிவாங்கி. அது நிறப்பொருள் ஒன்றைத் தாங்கிய புரதம். ஏறக்குறைய 660 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பொளி பட்டால் அது செயற்படும் வடிவத்துக்கு மாறும். 730 நனோமீற்றர் அளவிலான சேய்மைச் சிவப்பொளி பட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். 1952இல் அமெரிக்காவின் பெல்ற்ஸ்வில் ஆய்வுநிலையத்தில் போத்விக், ஹென்றிக்ஸ் முதலியோர் சலாது விதைகளுக்கு இவ்விரு ஒளிகளையும் மாறி மாறிக் காட்டினார்கள். எத்தனை முறை மாற்றினாலும் கடைசியாகப் பட்ட ஒளியே முடிவு செய்தது. அது சிவப்பென்றால் பெரும்பாலானவை முளைத்தன. சேய்மைச் சிவப்பென்றால் உறங்கின.

பச்சை இலைகள் சிவப்பொளியை உறிஞ்சிவிட்டு, சேய்மைச் சிவப்பைப் பெருமளவு கீழே விடுகின்றன. ஆகவே பற்றைக்கு அடியில் கிடக்கும் விதைக்கு, “இப்போது முளைக்காதே, மேலே இடமில்லை” என்ற செய்தியே கிடைக்கிறது.

இதைப் படித்தபோது எங்கள் வளவுதான் நினைவுக்கு வந்தது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. எங்கள் குடும்பம் புத்தளத்துக்குப் போனது. நானும் அங்கேதான் பிறந்தேன். நாங்கள் திரும்பி வந்தபோது, சோனகதெருவில் உம்மம்மாவின் வீடிருந்த இடம் பற்றைக்காடாகக் கிடந்தது. வாப்பா அதை வெட்டித் துப்புரவாக்கினார். அடுத்த மழைக்கு நிலமெங்கும் கீழ்காய்நெல்லி.

“ஒருத்தரும் விதைக்கல்லையே, மகள்” என்று உம்மம்மா வியந்தார்.

கீழ்காய்நெல்லி விதை முளைக்க வெளிச்சம் வேண்டும் என்று இப்போது அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “விதைக்கு வெளிச்சமும் மழையும் போதும். மனுசருக்குக் கூரை வேணும், கிணறு வேணும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேணும், பக்கத்து வீட்டில ஆள் வேணும்.”

அது உண்மை. எங்கள் ஒழுங்கையில் சில வளவுகள் இன்னும் பற்றையாகவே இருக்கின்றன. சொந்தக்காரர்கள் புத்தளத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வந்து துப்புரவாக்கும் நாளில், முதல் மழைக்கு அங்கே என்னென்ன முளைக்கிறது என்று குறித்துவைக்க எனக்கு ஆசை.