பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்!

சி மொழியில் கைபழகிவிட்டு ஆர் பக்கம் வரும் மாணவர் முதலில் எழுதுவது ஃபார் லூப் தான். 'ஐ' என்று ஒரு எண்ணி, ஒரு காலி வெக்டர், ஒவ்வொரு சுற்றிலும் அதன் வாலில் ஒரு மதிப்பு. விடை வரத்தான் செய்யும். ஆனால் ஆரின் சுபாவம் வேறு. 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் சகாக்களும் தொடங்கிய எஸ் மொழியின் வழிவந்தது இது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கினார்கள். இதில் ஒற்றை எண்கூட ஒரு வெக்டர்தான்!

சரி, ஓர் உதாரணம். ஆருடனேயே வரும் 'எம்டிகார்ஸ்' அட்டவணையில் 32 கார்கள் இருக்கின்றன. 1974-ம் வருட மோட்டார் ட்ரெண்ட் இதழிலிருந்து எடுத்த விவரம். சிலிண்டர் வாரியாகச் சராசரி மைலேஜ் வேண்டும். மைலேஜை 'ஸ்ப்ளிட்' செய்தால் 4, 6, 8 என்ற பெயர்களோடு மூன்று அறை உள்ள லிஸ்ட் கிடைக்கும். அதை 'எஸ்-அப்ளை'யிடம் கொடுத்துச் சராசரி கேட்டால் 26.66, 19.74, 15.10. ஒவ்வொன்றும் தன் பெயரோடு வரும்.

இதில் என்ன லாபம்? விடைகளை ஏறுவரிசையில் அடுக்கிப் பாருங்கள். மதிப்புகள் ஒரு வெக்டரிலும் பெயர்கள் இன்னொன்றிலும் இருந்தால், மதிப்புகள் மட்டும் இடம் மாறும். 8 சிலிண்டரின் 15.10 போய் 4 சிலிண்டர் தலையில் உட்காரும். சின்ன எஞ்சின்தான் அதிகம் பெட்ரோல் குடிக்கிறது என்று முடிவே தலைகீழாகிவிடும். ஆர் ஒரு எச்சரிக்கைகூடத் தராது! பெயருள்ள வெக்டரை அடுக்கினால் பெயரும் கூடவே நகரும்.

ஆனாலும் இரண்டு இடங்களில் கவனம் தேவை. இங்கே பெயர்களே எண்கள் போல இருப்பதால், மேற்கோள் குறிக்குள் 4 என்று கேட்டால் 26.66 வரும், வெறும் 4 என்று கேட்டால் நாலாவது மதிப்பைத் தேடி 'என்ஏ' என்று கைவிரிக்கும். அடுத்தது, பெயருள்ள இரண்டு வெக்டர்களைக் கூட்டினால் ஆர் பெயரைப் பொருத்திப் பார்க்காது, இடத்தைத்தான் பார்க்கும். முதல் வெக்டரின் பெயர் வரிசைப்படி இரண்டாவதை எடுத்துவிட்டுக் கூட்டுவதே பத்திரம்.

லூப் என்றாலே மெதுவா? அப்படியும் இல்லை. எஸ்-அப்ளைக்குள்ளும் சுற்றுதான் ஓடுகிறது. வெக்டரைச் சுற்றுக்குச் சுற்று நீட்டிக்கொண்டே போவதுதான் நேரத்தைத் தின்னும். நீளத்தை முன்பே ஒதுக்கிவிட்டால் லூப் அவ்வளவு மோசமில்லை. முந்தைய விடையை வைத்தே அடுத்த விடை என்றால் லூப்தான் இயல்பான வழி.

மற்ற நேரங்களில் 'ஐ' எழுதக் கை போகும்போது, இந்த மதிப்புக்கு ஒரு பெயர் உண்டா என்று யோசித்துப் பாருங்கள். இருந்தால் அதை வெளியே எழுதிவைக்காமல் மதிப்போடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். தேர்வு நேரத்தில் நிம்மதியாகத் தூங்கலாம் :-)