தர்மபுரியிலிருந்து வெளிநாடு... ஏர்போர்ட் லவுஞ்சில் என்ன எதிர்பார்க்கலாம்?

தர்மபுரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. பக்கத்தில் ஓமலூரை ஒட்டி காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்தில் உள்நாட்டு விமானங்கள் மட்டும்தான். துபாயில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கவோ, அமெரிக்காவில் மகளின் பிரசவத்துக்குத் துணையாகவோ கிளம்பும் பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கத்துப் பெற்றோர்களில் பலருக்கு வெளிநாட்டுக்கான வாசல், பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையம்தான்.

பெங்களூரு என்றதும் 'பக்கத்து ஊர்தானே' என்று தோன்றும். ஆனால், விமான நிலையம் இருப்பது நகரத்தைத் தாண்டி, வடக்கே தேவனஹள்ளியில். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக பெங்களூருக்குள் நுழைந்து, சில்க் போர்டு, ஹெப்பால் நெரிசலையெல்லாம் கடந்தாக வேண்டும். வெளிநாட்டு விமானங்கள் பலவும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் கிளம்புபவை. டிராபிக்குக்குப் பயந்து மதியமே காரில் ஏறுகிறவர்கள், இரவு எட்டு மணிக்கெல்லாம் போய் இறங்கிவிடுகிறார்கள். விமானமோ அதிகாலை மூன்று மணிக்கு! நடுவில் இருக்கும் அந்த ஏழு மணி நேரத்தை என்ன செய்வது? அப்போதுதான் 'லவுஞ்ச்' என்ற பேச்சு வருகிறது.

எங்கே இருக்கிறது?

பெங்களூரின் 2-வது டெர்மினல் 2022 நவம்பர் 11 அன்று திறக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் பன்னாட்டு விமானங்கள் அங்கே மாறின. மூங்கில் வேய்ந்த கூரை, தொங்கும் செடிகள் என ஒரு தோட்டத்துக்குள் நுழைந்தது போலவே இருக்கும். அங்குள்ள லவுஞ்சின் பெயர் '080'. பெங்களூரின் எஸ்.டி.டி. கோடுதான் அது!

லவுஞ்ச் வாசலுக்கு வந்ததும் நுழைந்துவிட முடியாது. செக்-இன் முடித்து, பெட்டியை ஒப்படைத்து, இமிக்ரேஷனில் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, பாதுகாப்புச் சோதனையையும் தாண்டிய பிறகே லவுஞ்ச். செக்-இன் கவுன்டர்கள் பெரும்பாலும் விமானத்துக்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்புதான் திறக்கும். லவுஞ்சுகளிலும் பொதுவாக இரண்டு, மூன்று மணி நேரம்தான் அனுமதி. ஆக, சீக்கிரம் போய்ச் சேர்ந்தவர்களின் முதல் காத்திருப்புக்கு லவுஞ்ச் உதவாது. கிளம்பும் நேரத்தைத் திட்டமிடும்போதே இதையும் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

யார் போகலாம்?

விமான நிலைய லவுஞ்ச் என்பது 1939-ல் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய பழக்கம். முக்கியப் பிரமுகர்களுக்காக வந்தது, இன்று கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் கிடைக்கிறது. பிசினஸ் கிளாஸ் டிக்கெட் இருந்தால் வழக்கமாக அனுமதி உண்டு. சில கிரெடிட், டெபிட் கார்டுகளிலும் 'பிரையாரிட்டி பாஸ்' போன்ற உறுப்பினர் அட்டைகளிலும் போகலாம். எதுவும் இல்லாதவர்கள் பணம் கட்டியும் நுழையலாம். பன்னாட்டு லவுஞ்சில் தலைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும்.

இங்கேதான் பலர் ஏமாந்து நிற்கிறார்கள். உள்நாட்டு லவுஞ்சில் செல்லும் கார்டு, பன்னாட்டு லவுஞ்சிலும் செல்லும் என்று சொல்ல முடியாது. 'கடந்த மூன்று மாதத்தில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் அனுமதி' என்று பல வங்கிகள் நிபந்தனை வைத்திருக்கின்றன. கார்டு ஒருவருக்கு மட்டும் இலவசமாக இருந்து, கூட வரும் மனைவிக்குத் தனியாகப் பணம் பிடிப்பதும் உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம், கார்டில் இருக்கும் பெயரும் போர்டிங் பாஸில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். மகன் ஆசையாகக் கொடுத்தனுப்பிய கார்டை நீட்டினால், அப்பாவையும் அம்மாவையும் உள்ளே விட மாட்டார்கள். அதற்குப் பதில், பெற்றோரின் பெயரிலேயே ஆன்லைனில் முன்பதிவு செய்து, அதை பிரின்ட் எடுத்துக் கொடுத்தால் சிக்கல் இல்லை.

உள்ளே என்ன கிடைக்கும்?

சாய்ந்து உட்கார சோபா, போன் சார்ஜ் போட வசதி, வைஃபை, சுத்தமான கழிப்பறை, பஃபே சாப்பாடு. இட்லி, சாதம், பருப்பு, நூடுல்ஸ், பழம், டீ, காபி என்று சைவமும் அசைவமுமாக இருக்கும். களியும் கீரைக்கடைசலும் எதிர்பார்க்க வேண்டாம்! சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர்களுக்கு, நேரத்துக்குச் சாப்பாடு கிடைப்பதே பெரிய நிம்மதி. மாத்திரைகளைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாமல் கைப்பையில் வைத்திருக்க வேண்டும். குளியல் வசதி சில லவுஞ்சுகளில் மட்டுமே உண்டு. சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி வெளியே எடுத்துவரக் கூடாது. கூட்டமான நள்ளிரவுகளில் வாசலில் வரிசையில் நிற்கவும் நேரலாம்.

கவனம், தூங்கிவிடாதீர்கள்!

பல லவுஞ்சுகளில் விமான அறிவிப்பு செய்ய மாட்டார்கள். திரையில் பார்த்துக்கொள்ள வேண்டியது பயணியின் பொறுப்பு. லவுஞ்சிலிருந்து கேட் வெகுதூரம் இருக்கலாம். விமானம் கிளம்புவதற்கு 20, 25 நிமிடங்களுக்கு முன்பே கேட்டை மூடிவிடுவார்கள். எனவே, போர்டிங் தொடங்கும் நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே போனில் அலாரம் வைத்துக்கொள்வது அவசியம். முட்டிவலிக்காக வீல்சேர் கேட்டவர்கள், லவுஞ்சுக்குப் போவதை உதவியாளரிடம் சொல்லி, எத்தனை மணிக்குத் திரும்ப வந்து அழைத்துப்போவார் என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். வீல்சேர் உதவியை டிக்கெட் போடும்போதே கேட்டு வாங்கிவிடலாம்.

நடுவில் விமானம் மாறுபவர்களுக்கு, காசு கொடுப்பதானால் அந்த ஊர் லவுஞ்சுக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம். ஐந்தாறு மணி நேரக் காத்திருப்பு அங்கேதான் வரும். ஆனால், எல்லா ஊரிலும் அது தேவைப்படாது. சிங்கப்பூர் சாங்கியில் சாய்ந்து படுக்கும் இடம், சினிமா, வண்ணத்துப்பூச்சித் தோட்டம் என எல்லாமே பயணிகளுக்கு இலவசம். தோஹா விமான நிலையத்திலும் ஓய்வெடுக்க அமைதி அறைகள் உண்டு.

லவுஞ்ச் கிடைக்காவிட்டாலும் குறை ஒன்றும் இல்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிசாதத்தைக் கேட் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தாராளமாகச் சாப்பிடலாம். காலி பாட்டில் கொண்டுபோனால், சோதனை முடிந்ததும் குடிநீரை இலவசமாகப் பிடித்துக்கொள்ளலாம்.