உம்மாவுக்குப் பிறகு

எங்கள் பாடசாலை அக்குறணைப் பக்கத்தில், மலைச்சரிவொன்றில் இருக்கிறது. அதன் விசேட கல்வி அலகில் 11 பிள்ளைகள். ஆசிரியர் கலாசாலையில் இத்தகைய பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பது பற்றிச் சில விரிவுரைகள் கேட்டிருக்கிறேன். அவர்களும் வளர்ந்து பெரியவர்களாவார்கள் என்பதை யாரும் பேசிக் கேட்கவில்லை.

டவுன் சின்ட்ரோம் உள்ள ஒரு மாணவனுக்கு இவ்வருடம் 16 வயது நிறைகிறது. கட்டாயக் கல்வியின் வயதெல்லையும் 2016 முதல் அதுதான். அவனுக்கு முன் விலகிய மூவரும் வீட்டு விறாந்தையில் இருக்கிறார்கள். ஒருத்தி, எழுதப் பழகிய தன் பெயரையே மறந்துவிட்டாள்.

அரச வேலைகளில் இயலாமையுள்ளோருக்கு 3 சதவீதம் ஒதுக்கும் சுற்றுநிருபம் 1988இல் வந்தது. 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம். எல்லாம் சான்றிதழ் கையில் உள்ளவர்களுக்கே உதவும். இவனுக்குச் சில்லறை எண்ண வராது. சமூக சேவைத் திணைக்களத்தின் தொழிற்பயிற்சி நிலையம் சீதுவையில் இருப்பதைச் சொன்னேன். “அங்க தமிழ்ல சொல்லிக் குடுப்பாங்களா சேர்? ராவைக்குப் பயந்தா புள்ள யாரக் கூப்புடுற?” என்றார் உம்மா.

அமெரிக்காவின் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, 16 வயதாகும்போது மாணவனையும் அழைத்துப் பேசி, பாடசாலைக்குப் பின்னான வாழ்வைத் திட்டமாக எழுதவேண்டும். அவர்களுடைய பணம் நம்மிடம் இல்லை. ஒரு கொப்பி இருந்தது.

“உனக்கு என்ன வேலை விருப்பம்?” என்று கேட்டேன். விரல்களை மூக்கருகே கொண்டுபோனான். எனக்கு விளங்கவில்லை. உம்மா சிரித்தார். கராம்பு! பருவத்தில் அவர் கூலிக்குக் காம்பு பிரிப்பவர். மகனும் பக்கத்திலிருந்து பிரிப்பானாம். அதற்கு எண்ணத் தெரியவேண்டியதில்லை, கண்ணும் விரலும் போதும்.

வாசனைத் திரவியக் கடை முதலாளி ஒருவரிடம் போனேன். “வேலை எதுக்கு சேர், மாசாமாசம் ஸதகாவா ஏதும் தாறேனே” என்றார். நல்ல மனிதர்தான். ஸதகா வேண்டாம், கூலி தாருங்கள் என்று நின்றேன். ஒரு மணி நேரத் தர்க்கத்துக்குப் பின் வாரம் 2 நாள் என்று முடிவானது. இப்போது பஸ் பழக்குகிறோம். பெயர்ப்பலகை வாசிக்க மாட்டான். இறங்கும் இடத்தை மஞ்சள் நிற மருந்துக்கடையால் கண்டுகொள்கிறான். அவர்கள் சுவருக்கு வேறு நிறம் பூசாதிருக்க வேண்டும்.

கொப்பியின் கடைசிப் பக்கத்துக்கு ‘உம்மாவுக்குப் பிறகு’ என்று தலைப்பிட்டிருக்கிறேன். 12 வயதுத் தங்கை தன் பெயரை எழுதச் சொன்னாள். நான் எழுதவில்லை, அவள் படிக்கவேண்டிய பிள்ளை. பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடம் வெள்ளிக்கிழமைக்கு நேரம் கேட்டிருக்கிறேன்.