யாக்கொப்சனின் ஹோட்டலில் ஓர் இரவு

கொப்பன்ஹேகன் மத்திய புகையிரத நிலையத்தால் வெளியே வந்து டிவோலிப் பூங்காப் பக்கமாக நடந்தால், கண்ணாடிப் பெட்டி ஒன்றை நிமிர்த்தி வைத்ததுபோல ஓர் உயர்ந்த கட்டடம் தெரியும். உயரம் சுமார் 70 மீற்றர். உறவினர் கலியாணம், கடவுச்சீட்டு அலுவல், கோயில் என்று தலைநகருக்கு வந்துபோகும் எம்மவர் பலர் இதைக் கடந்துதான் போயிருப்பீர்கள். நாங்களும் எத்தனையோ தரம் கடந்திருக்கிறோம். ஏதோ வங்கியாக்கும் என்று திரும்பியும் பாராமல் போவோம்.

அதுதான் றோயல் ஹோட்டல். 1960 ஆம் ஆண்டு ஸ்கண்டிநேவிய விமானக் கம்பனியான எஸ்.ஏ.எஸ். இதைத் திறந்தது. இப்போது றடிசன் கலெக்சன் றோயல் என்ற பெயரில் நடக்கிறது. கட்டியவர் ஆர்னே யாக்கொப்சன் என்ற டேனிஷ் கட்டடக் கலைஞர். கட்டடத்தை வரைந்து கொடுத்துவிட்டு அவர் போய்விடவில்லை. கதிரை, விளக்கு, திரைச்சீலை, கதவின் கைபிடி, மேசைக்கு வரும் கரண்டியும் முள்ளும் வரை எல்லாம் அவரே வரைந்தார். உலகின் முதலாவது வடிவமைப்பு ஹோட்டல் இதுதான் என்று பலர் சொல்வது இதனால்தான். கட்டிய காலத்தில் நகரத்தவர் சிலர் இதைக் கண்ணாடியால் செய்த சுருட்டுப் பெட்டி என்று கேலி செய்தார்களாம். அந்நாளில் கீழ்த்தளத்தில் விமானப் பயணிகள் நிலையமும் இருந்தது. பெட்டியை இங்கே கொடுத்துவிட்டு, பஸ்ஸில் ஏறி காஸ்ற்றப் விமான நிலையம் போவார்கள்.

இப்படியான இடத்தில் சொந்தக் காசில் தங்க எங்களுக்கு மனம் வராது. எங்களில் ஒருவர் யூலன்டில் மேசை கதிரை செய்யும் தொழிற்சாலையில் வேலை. பத்து வருடம் முடிந்தபோது கூட வேலை செய்வோர் காசு சேர்த்து, காலைச் சாப்பாட்டோடு ஓரிரவு தங்கும் பரிசுச் சீட்டு ஒன்றைத் தந்தார்கள். அதை விற்றுவிட்டு ஊருக்குக் காசு அனுப்பலாமா என்று இரண்டு கிழமை யோசித்தோம். ஒரு வயதான டேனிஷ்காரர்தான், "நீங்கள் செய்கிற கதிரைக்கு அப்பா யார் என்று போய்ப் பாருங்கள்" என்று சொல்லி எங்களை அனுப்பிவைத்தார்.

ஹேர்னிங் பக்கத்தில் இருந்து றெயினில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல். முதலில் வந்த எம்மவர், றெயினையே கப்பலில் ஏற்றிப் பெரிய பெல்ற் கடலைக் கடந்த கதையைச் சொல்லுவார்கள். 1997 இல் இருந்து பாலமும் சுரங்கமுமாக றெயின் நேரே ஓடுகிறது. ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனோம். பெட்டிக்குள் றொட்டியும் கட்டைச் சம்பலும்.

உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது சுருள் படிக்கட்டு. உருக்குக் கம்பிகளில் மேலே இருந்து தொங்குகிறது. அதற்கு அப்பால் இங்கும் அங்குமாக முட்டைக் கதிரைகளும் அன்னக் கதிரைகளும். இரண்டையும் இந்த ஹோட்டலுக்கென்றே 1958 இல் வரைந்தார். முட்டைக் கதிரை என்பது உடைத்த முட்டை ஓடு மாதிரி, இருக்கிறவரைத் தோள்வரை மூடிக்கொள்ளும். மகள் ஓடிப்போய் அதற்குள் ஏறிவிட்டாள். "பிள்ளை, எழும்பு! எழும்பு!" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். வரவேற்பு மேசையில் நின்ற பெண் சிரித்துக்கொண்டு, "இருக்கட்டும், அது இருப்பதற்குத்தானே செய்தது" என்றாள். அவளுக்கு அது சாதாரணம். முகாமில் இருந்த காலம் தொட்டு எந்தக் கந்தோருக்குப் போனாலும் சுவர் ஓரமாக நின்று பழகிய எங்களுக்கு, அந்தக் கதிரைகளில் போய் இருக்க நல்ல நேரம் எடுத்தது. இருந்து பார்த்தோம். வெளிச் சத்தம் பாதி குறைந்துவிடுகிறது.

அறைக்குப் போனதும் எங்களில் மற்றவர் தன் கணக்கைத் தொடங்கிவிட்டார். டென்மார்க் வந்த புதிதில் வேறு ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை செய்தவர் அவர். ஓர் அறைக்கு இத்தனை நிமிடம் என்று அளந்து கொடுப்பார்கள். முடியாவிட்டால் சம்பளமில்லாத நேரம் அது. அவர் பார்த்தது அழகை அல்ல. கதிரைக்கும் மேசைக்கும் மெல்லிய கால்கள். தூசு உறிஞ்சும் மெசின் அடியில் தடையில்லாமல் போகும். மூலைகளில் சித்திர வேலை இல்லை. துணியால் ஒரே இழுப்பில் துடைக்கலாம். "வரைந்த மனிசன் துடைக்கிறவளையும் நினைச்சிருக்கிறார்" என்றார். யாக்கொப்சன் அப்படி நினைத்தாரோ தெரியாது, ஆனால் எங்களுக்கு அது பெரிய பாராட்டாகப் பட்டது.

அறைகள் எல்லாம் 2018 அளவில் புதுப்பிக்கப்பட்டவை. 606 ஆம் இலக்க அறையை மட்டும் 1960 இல் இருந்தபடியே, அதே நீலப் பச்சைத் துணிகளோடு பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அன்று அதில் ஆள் இருந்தபடியால் எங்களுக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை. இரவு ஜன்னலுக்குக் கீழே டிவோலியின் வெளிச்சங்கள். ஜன்னலை முடிந்தமட்டும் திறந்து வைத்துவிட்டுத்தான் சம்பல் பார்சலை அவிழ்த்தோம்.

யாக்கொப்சனின் கதையில் எம்மவர் அறியவேண்டிய பகுதி ஒன்று உண்டு. அவர் யூதர். 1943 ஒக்ரோபரில் ஜேர்மன் படைகள் டென்மார்க்கில் யூதர்களைப் பிடிக்கத் தொடங்கியபோது, மனைவியோடு சிறிய துடுப்புப் படகில் இரவோடு இரவாகச் சுவீடனுக்குத் தப்பினார். விளக்குகளுக்குப் பேர்போன போல் ஹென்னிங்சனும் அந்தப் படகில்தான் போனார். அந்த நாட்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படிக் கடல் கடந்தார்கள். மன்னாரில் இருந்து படகேறி இராமேஸ்வரம் போனவர்களுக்கு அந்த இரவைப் பற்றி நாம் விளக்கத் தேவையில்லை. சுவீடனில் கட்டட வேலை குறைவு. அவர் செடி, பூ என்று துணிக்கும் சுவர்க் காகிதத்துக்கும் கோலம் வரைந்தார். துணி அச்சிடத் தெரிந்த மனைவி யொன்னா கூட நின்றார். 1945 இல் திரும்பி வந்தார். அகதியாகப் போனவர் திரும்பிவந்து பதினைந்து வருடத்தில் தலைநகரின் நடுவில் இதை எழுப்பிவிட்டார். எங்களுக்குத் திரும்பிப் போகும் கதை அப்படி அமையவில்லை. கட்டுவதென்றால் வந்த இடத்தில்தான்.

இன்னொன்று. அவருடைய பேர்பெற்ற கதிரைகளில் ஒன்றான எறும்புக் கதிரை பணக்காரருக்காகச் செய்தது அல்ல. 1952 இல் நோவோ மருந்துக் கம்பனியின் சாப்பாட்டுக் கூடத்துக்காகச் செய்தது; முதலில் மூன்றே கால்கள். மெல்லிய மரத்தாள்களைப் பசை பூசி அடுக்கி, அச்சில் வைத்து அழுத்தி வளைக்கிறார்கள். எங்கள் தொழிற்சாலையிலும் இதே முறைதான், பசையின் மணம் வீடுவரை வரும். 1955 இல் வந்த ஏழாம் இலக்கக் கதிரை அதன் தம்பி. நாம் டேனிஷ் படித்த மொழிப் பாடசாலையிலும் நகரசபைக் கூடங்களிலும் அடுக்கி வைத்திருப்பது அநேகமாக அதுவோ அதைப் பார்த்துச் செய்ததோதான். கவிழ்த்துப் பார்த்தால் செய்த கம்பனியான பிறிட்ஸ் ஹான்சனின் முத்திரை இருக்கக்கூடும். பாவித்த பொருள் கடைகளில் தெரியாமல் மலிவாகப் போட்டிருப்பார்கள், கண் வைத்திருங்கள்.

காலைச் சாப்பாட்டில் கறுப்புப் பாண், மீன், பாற்கட்டி, பழங்கள் என்று ஏராளம். விட்டுப் புறப்படும்போது கட்டிலை நாங்களே விரித்து, துவாய்களை ஒன்றாகச் சேர்த்து, குப்பையைக் கட்டி வைத்தோம். தள்ளுவண்டியோடு வந்த பெண் வாசலில் நின்று அறையைப் பார்த்தாள், பிறகு எங்களைப் பார்த்தாள். எந்த நாட்டவள் என்று கேட்கவில்லை. "நீங்களும் இந்த வேலையா?" என்று டேனிஷில் அவள்தான் கேட்டாள்.

கொப்பன்ஹேகன் போகும் குடும்பங்கள் அந்தக் கீழ்த்தளத்துக்குப் போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வரலாம். விலை அதிகம்தான், ஆனால் கதிரைக்குத் தனியாகக் காசு இல்லை. எங்கள் மகள் போன சனிக்கிழமை தமிழ் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். இடைவேளையில் பிள்ளைகள் மண்டபத்துக் கதிரைகள் எல்லாவற்றையும் கவிழ்த்து முத்திரை தேடியதில் ஆசிரியைக்கு நல்ல கோபம். நான்கில் இருந்ததாம்.